ஆற்றுப்படையும் அஞ்சடியும்: பிரிக்பீல்ட்ஸ் தெருக்களை நடப்போர் நோக்கில் மதிப்பிடல்

முன்னுரை

மலேசியத் தமிழரின் அடையாள இடங்களைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகளில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் தவறாமல் இடம்பெறுகிறது. கோயில்கள், விவேகானந்தா ஆசிரமம், இரயில்வே ஊழியர் குடியிருப்புகள், பூக்கடைகள், உணவகங்கள் என அப்பகுதியின் பண்பாட்டுக் கூறுகள் பலவாறு பேசப்பட்டுள்ளன. எனினும், அக்கூறுகளை ஒன்றோடொன்று இணைக்கும் தெரு தனியொரு பொருளாக ஆராயப்படுவது அரிது. தெருவை அமைப்பது பொறியாளரும் மாநகர மன்றமும் செய்யும் பணி. தமிழியல் படிப்போருக்கு அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்னும் எண்ணமே இதற்குக் காரணம் எனலாம்.

இக்கட்டுரை அவ்வெண்ணத்தை மறுக்கிறது. ஒரு தெரு நல்ல தெருவா என்பதை அதில் நடந்து செல்பவரும், பேருந்திலும் இரயிலிலும் வந்து இறங்குபவரும் தடையின்றித் தம் இடத்தைச் சென்றடைய முடிகிறதா என்பதைக்கொண்டே தீர்மானிக்க வேண்டும். இந்த அளவுகோலை வேறெங்கும் தேடிச் செல்ல வேண்டியதில்லை. தமிழிலக்கிய மரபில் அதன் ஒரு வடிவமும், மலாயா நகரங்களின் கட்டட மரபில் இன்னொரு வடிவமும் உள்ளன. கடந்த கால் நூற்றாண்டில் பிரிக்பீல்ட்ஸில் நிகழ்ந்த மாற்றங்கள் இவ்விரண்டையும் போதிய அளவு கருதாமல், இந்திய அடையாளத்தை வளைவுகளிலும் வண்ணத்திலும் தேடின என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

1. ஆற்றுப்படை தரும் அளவுகோல்

தமிழில் ‘ஆறு’ என்னும் சொல் நீரோடும் ஆற்றையும் மனிதர் நடக்கும் வழியையும் குறிக்கும். சங்கப் புலவர்கள் நகரத்தின் அகன்ற தெருவை ஆற்றுக்கு உவமித்ததை மதுரைக்காஞ்சியிலும் நெடுநல்வாடையிலும் காண்கிறோம். அகலம் மட்டுமே இவ்வுவமையின் பொருத்தம் என்று கொள்வது போதாது. ஆறு இடையறாது செல்வது. இடையில் அறுந்தால் அது குட்டையாகிவிடும். தெருவுக்கும் இது பொருந்தும்.

பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படை வகையின. பரிசில் பெற்று மீளும் கலைஞர் எதிர்ப்படும் வறிய கலைஞருக்கு வழி கூறுவது இவ்வகையின் பொது அமைப்பு. இதனை நாம் வழக்கமாகப் புரவலரின் கொடைச் சிறப்பைப் பாடும் இலக்கியமாகவே வகுப்பறையில் கற்பிக்கிறோம். அது தவறன்று. ஆயினும், நடந்து சென்றவர் நடக்கப் போகிறவருக்குக் கூறும் செய்தி என்ற வகையில் இந்நூல்களை நோக்கும்போது மூன்று கூறுகள் புலப்படுகின்றன.

முதலாவது தொடர்ச்சி. சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என ஒவ்வோர் ஊராகக் கடந்து நல்லியக்கோடனின் கிடங்கிலுக்கு வழி காட்டப்படுகிறது. அடுத்த இடம் எது என்ற ஐயம் நடப்பவருக்கு எங்கும் எழுவதில்லை. இரண்டாவது இளைப்பாறல். ஒவ்வோர் ஊரிலும் யார் எவ்வகை உணவு தருவர் என்பது கூறப்படுகிறது. மூன்றாவது இடர் அறிவிப்பு. மலைபடுகடாம் நன்னனின் நாட்டுக்குச் செல்லும் மலைவழியில் விலங்குகளுக்கு வைத்த பொறிகள் எங்கே இருக்கும், கால் வழுக்கும் இடம் எது, எங்கே எச்சரிக்கை தேவை என்று விரிவாக அறிவுறுத்துகிறது.

இங்கு இன்னொரு செய்தியும் கருதத்தக்கது. வழிப்போக்கரைத் தாக்கிப் பொருள் பறிப்போர் இல்லாத நாடு என்று தொண்டைமான் இளந்திரையனின் ஆட்சியைப் பெரும்பாணாற்றுப்படை புகழ்கிறது. நடந்து செல்லும் ஏழை அச்சமின்றிச் செல்ல முடிகிறது என்பதே அங்கு ஆட்சியின் சிறப்புக்குச் சான்றாகிறது. அரண்மனையின் அழகு பின்னர்தான் வருகிறது. புகழ்ச்சி இலக்கியம் என்று ஒதுக்கிவிடாமல் படித்தால், எதைச் செய்த ஆட்சியைப் புகழலாம் என்பதற்கு அந்நூல் ஒரு வரையறையைத் தருகிறது எனலாம்.

2. அஞ்சடி: தனியார் நிலத்தில் பொதுவழி

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர் கடைவீடுகளின் முன்னுள்ள கூரையிட்ட நடைவழியைப் பேச்சுவழக்கில் அஞ்சடி என்பர். மலாய் மொழியில் அது ‘காக்கி லீமா’. இவ்வமைப்பின் தொடக்கம் நன்கு அறியப்பட்டது. 1822 நவம்பர் 4 அன்று சிங்கப்பூர் நகரக் குழுவுக்கு ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ் வழங்கிய அறிவுறுத்தலில், ஒவ்வொரு வீட்டின் முன்பும் குறித்த ஆழமுள்ள தாழ்வாரம் அமைய வேண்டும் என்றும், அது எந்நேரமும் திறந்த, தொடர்ச்சியான, கூரையிட்ட வழியாகத் தெருவின் இருபுறமும் இருக்க வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. பின்னர் இவ்வமைப்பு பினாங்கு, மலாக்கா, ஈப்போ, கோலாலம்பூர் முதலிய நகரங்களிலும் பரவியது. 1881இல் தீயாலும் வெள்ளத்தாலும் கோலாலம்பூர் அழிவுற்ற பின், பிராங்க் சுவெட்டன்ஹாம் காலத்தில் செங்கல், ஓட்டுக் கட்டடங்களாக நகர் மீண்டும் எழுப்பப்பட்டது. அதற்கு வேண்டிய செங்கல் சூளைகள் இருந்த இடமே பிரிக்பீல்ட்ஸ்.

அஞ்சடியின் சிறப்பு அதன் கூரையில் மட்டும் இல்லை. நிலம் கடைக்காரருடையது, மேல்மாடியும் அவருடையது, ஆனால் அதன் கீழே நடக்கும் உரிமை ஊராருடையது. தனியார் உடைமையின் விளிம்பில் ஒரு பொதுக்கடமையைச் சுமத்தியதே அவ்விதியின் நுட்பமாகும். வெயிலும் மழையும் மிகுந்த நாட்டில், அரசு தனியாகப் பணம் செலவிடாமலே நகர் முழுவதற்கும் நிழல்வழி கிடைத்தது.

இவ்வுரிமை சிக்கலின்றி நிலைபெற்றுவிடவில்லை. தாழ்வாரத்தைக் கடைக்காரர் சரக்கு வைக்கும் இடமாகவும் தொழில் செய்யும் இடமாகவும் பயன்படுத்தினர். சிங்கப்பூரில் நகராட்சி அவற்றை அகற்ற முற்பட்டபோது 1888 பிப்ரவரியில் கடையடைப்பும் கலவரமும் மூண்டன. இந்தோனேசியாவில் ‘காக்கி லீமா’ என்னும் சொல் இன்று தெருவோர வணிகரைக் குறிக்கப் பயன்படுகிறது. நடப்பவருக்கும் விற்பவருக்கும் உள்ள இந்தப் பழைய இழுபறி நம் காலத்துத் தெருக்களிலும் தொடர்கிறது.

ஐந்தடி என்பது ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். அதில் அரை மீட்டர் அளவுக்கு ஒரு சரக்குத் தட்டை வைத்தால் ஒரு மீட்டர் எஞ்சும். சக்கர நாற்காலி ஒன்று செல்லலாம். எதிரே ஒருவர் வந்தால் இருவரில் ஒருவர் பின்வாங்க வேண்டும். அதே இடத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினால் வழியே இல்லை. கடைக்குக் கடை தளத்தின் உயரம் மாறி இடையில் படி வந்தாலும் அதே விளைவுதான். அஞ்சடி முழுவதும் அழிய வேண்டியதில்லை. ஓரிடத்தில் அறுந்தாலே அதன் பயன் கெட்டுவிடுகிறது.

3. நிலையமும் தெருவும்

பிரிக்பீல்ட்ஸின் பழைய இரயில்வே நிலத்தில் எழுந்த கே.எல். சென்ட்ரல் நிலையம் 2001இல் செயல்படத் தொடங்கியது. நாட்டின் முதன்மைப் பொதுப் போக்குவரத்து மையமாக அது திட்டமிடப்பட்டது. 2003 ஆகஸ்டு 31 அன்று மோனோரயில் சேவை தொடங்கியது. அதன் முனையத்திற்கும் கே.எல். சென்ட்ரல் என்றே பெயர். ஆயினும், அம்முனையம் பெருநிலையத்துக்கு வெளியே, ஜாலான் துன் சம்பந்தன் பக்கத்தில் அமைந்தது. பெயரளவில் ஒரே நிலையமாகவும், நடையளவில் சில நூறு மீட்டர் இடைவெளி கொண்ட இரு நிலையங்களாகவும் அவை இருந்தன. பெட்டியோடும் குழந்தையோடும் வரும் பயணி வாகனங்களுக்கிடையே திறந்தவெளியைக் கடந்து செல்ல வேண்டியிருந்தது.

2014இல் நூ சென்ட்ரல் வணிக வளாகம் திறக்கப்பட்ட பின்னரே கூரையுள்ள நேரிணைப்புக் கிட்டியது. இடைப்பட்ட காலம் ஏறத்தாழ பதினோர் ஆண்டுகள். இரு நிலையங்களையும் கட்டிய செலவோடு ஒப்பிட்டால் இணைப்பு வழியின் செலவு சிறிது. அது தாமதமானதற்குப் பணத்தைவிடப் பொறுப்புப் பிரிவே முதன்மைக் காரணமாகத் தோன்றுகிறது. ஒவ்வோர் அமைப்பும் தன் எல்லைக்குள் கட்டியது. எல்லைகளுக்கிடையே நடப்பவரை எவரும் தம் பயணியாகக் கருதவில்லை. 2017 ஜூலையில் திறக்கப்பட்ட எம்.ஆர்.டி. அருங்காட்சியக நிலையத்திற்குக் கே.எல். சென்ட்ரலோடு தனி நடைவழி இணைப்பு அமைக்கப்பட்டது. முந்தைய படிப்பினை ஓரளவு ஏற்கப்பட்டுள்ளது என்று இதனைக் கொள்ளலாம்.

வணிக வளாகத்தின் வழியே அமைந்த இணைப்பை அஞ்சடியோடு ஒப்பிடுவது பயன் தரும். இரண்டும் தனியார் உடைமையின் ஊடே செல்பவை. அஞ்சடி தெருவை நோக்கித் திறந்தது. அதில் நடப்பவர் கடையைப் பார்க்கலாம், தெருவையும் பார்க்கலாம், எந்த இடத்திலும் இறங்கிச் செல்லலாம். வளாகமோ உள்நோக்கித் திரும்பியது. இரயிலிலிருந்து இறங்குபவர் குளிரூட்டிய தளங்களின் வழியே அடுத்த இரயிலை அடைகிறார். அப்பகுதியின் பூக்கடைகளும் பலகாரக் கடைகளும் அவர் கண்ணில் படுவதில்லை. நடப்பவரின் வசதி கூடியது உண்மை. தெருவின் பங்கு குறைந்ததும் உண்மை.

4. அலங்காரமும் நடையும்

2010 அக்டோபரில் மலேசிய, இந்தியப் பிரதமர்கள் கலந்துகொண்ட விழாவில் பிரிக்பீல்ட்ஸ் ‘லிட்டில் இந்தியா’வாகத் தொடங்கி வைக்கப்பட்டது. ஜாலான் துன் சம்பந்தனில் வண்ண வளைவுகளும் யானை உருவங்கள் கொண்ட நீரூற்றும் எழுந்தன. 2015 நவம்பரில் சாஞ்சித் தோரணவாயிலை ஒத்த வாயில் ஒன்றும் திறக்கப்பட்டது. நாட்டின் தலைநகரில் இந்தியருக்கென ஓர் அடையாளப் பகுதி அரசின் ஏற்பைப் பெற்றது என்ற வகையில் சமூகம் மகிழ்ந்தது இயல்பே. அம்மகிழ்ச்சியைக் குறைத்து மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று.

எனினும், திறனாய்வு நோக்கில் ஒரு வினா எழுகிறது. இவ்வளைவுகள் யாருடைய பார்வைக்கு அமைந்தவை? சாலைக்கு மேலே உயர்ந்து நிற்கும் வளைவு, வாகனத்தில் வருபவருக்குப் பகுதியின் எல்லையைத் தொலைவிலிருந்தே அறிவிக்கிறது. நடப்பவருக்கு அதனால் நிழலும் இல்லை, இருக்கையும் இல்லை. மக்கள் அமர்ந்து பேச இடம், சாலையைச் சமதளத்தில் கடக்க வழி, பேருந்துக்குக் காத்திருக்க நிழல், குழந்தை தள்ளுவண்டி ஏறத் தக்க சரிவு ஆகியவற்றைப் புகைப்படமாக்கிப் பெருமை கொள்வது கடினம். ஆனால், ஒரு தெருவில் மக்கள் தங்குவதும் மீண்டும் வருவதும் இவற்றைப் பொறுத்தே அமைகின்றன. பண்டிகைக் காலத்தில் பூமாலைக்கும் இனிப்புக்கும் துணிக்கும் அலைமோதும் கூட்டமே பிரிக்பீல்ட்ஸுக்கு உண்மையான இந்தியத் தன்மையைத் தருகிறது. அக்கூட்டம் நடக்கும் கூட்டம்.

சாலையைக் கடக்கும் வழியையே எடுத்துக்கொள்வோம். பாதசாரி மேம்பாலம் பாதுகாப்பானது என்று பொதுவாகக் கருதப்படுகிறது. பெரிய வாகனங்கள் கீழே செல்ல ஏறக்குறைய ஐந்து மீட்டர் உயரம் வேண்டும். ஒரு படி பதினைந்து சென்டிமீட்டர் என்றால், ஏறுவதற்கு மட்டும் முப்பத்து மூன்று படிகள். இறங்குவதற்கும் அதே அளவு. பன்னிரண்டு மீட்டர் சாலையைக் கடக்க அறுபத்தாறு படிகளை ஒரு மூதாட்டியிடம் கேட்கிறோம். வாகனமோட்டியிடம் சில நொடி காத்திருக்கும்படி கேட்கத் தயங்குகிறோம். இத்தகைய அமைப்பில் பாதுகாப்பின் முழுச்சுமையும் நடப்பவர் தோளில் விழுகிறது.

5. பார்வையற்றோரின் தெரு

பிரிக்பீல்ட்ஸுக்கு இன்னோர் அடையாளமும் உண்டு. 1951இல் தொடங்கப்பெற்ற மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இங்குச் செயல்படுகிறது. பார்வையற்ற உடற்பிடிப்பு வல்லுநர்களின் நிலையங்கள் இப்பகுதியில் பல உள்ளன. நாட்டில் பார்வையற்றோர் மிகுதியாக நடமாடும் தெருக்களில் இவை முதன்மையானவை எனலாம். ஆகவே, தெருவின் தொடர்ச்சி என்னும் அளவுகோல் இங்கு வெறும் வசதிச் சிக்கலாக நின்றுவிடுவதில்லை. ஒருவர் துணையின்றித் தம் வேலைக்குச் சென்று வருவதும் அதைப் பொறுத்ததாகிறது.

நடைபாதையில் பதிக்கப்படும் மஞ்சள் வழிகாட்டித் தளக்கல் ஜப்பானில் உருவானது. செய்இச்சி மியாக்கே என்பவர் அமைத்த இத்தளக்கல் 1967இல் ஒக்கயாமா நகரில் முதன்முதலாகப் பதிக்கப்பட்டது. நீண்ட கோடுகள் கொண்ட கல் ‘நேரே செல்க’ என்றும், புள்ளிகள் கொண்ட கல் ‘நின்று கவனிக்க’ என்றும் பாதத்திற்கும் கைத்தடிக்கும் உணர்த்துகின்றன. வழி சொல்வதும் இடர் அறிவிப்பதும் ஆகிய இரு பணிகளையும் இவை செய்வதால், பாதம் படிக்கும் ஆற்றுப்படை என்றே இவற்றைக் கூறலாம். ஆனால், அக்கோட்டின் மேல் மோட்டார் சைக்கிள் நின்றாலோ, விற்பனை மேசை வைக்கப்பட்டாலோ, கல் பெயர்ந்த இடத்தில் சாதாரணக் கல்லைப் பதித்தாலோ, வழிகாட்டியே தவறான வழி கூறுவதாகிறது. தவறாக வழி கூறும் ஆற்றுப்படை, வழியே கூறாததைவிடத் தீங்கானது.

2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் பொது வசதிகளையும் பொதுப் போக்குவரத்தையும் அணுகும் உரிமையை ஏற்றது. எனினும், அச்சட்டம் இயற்றப்பட்டபோது, அவ்வுரிமையை மறுப்போருக்கு அதில் தண்டனை விதிக்கப்படவில்லை. ராஃபிள்ஸின் விதியோ கட்டடம் எழும்போதே வழியையும் கேட்டது. உரிமையை அறிவிப்பதற்கும் கடமையைச் சுமத்துவதற்கும் இடையிலான வேறுபாட்டை இவ்விரண்டும் தெளிவாக்குகின்றன.

6. சிங்கப்பூர் ஒப்பீடு

அஞ்சடி மரபைப் பகிர்ந்துகொண்ட சிங்கப்பூர் அதனைப் புதிய குடியிருப்புப் பகுதிகளுக்கும் விரிவாக்க முயன்றது. 2013இல் அறிவிக்கப்பட்ட கூரையிட்ட நடைவழித் திட்டத்தில், எம்.ஆர்.டி. நிலையங்களைச் சுற்றி 400 மீட்டர் எல்லைக்குள் உள்ள பள்ளிகள், மருத்துவ நிலையங்கள் முதலியவற்றை நிலையத்தோடு இணைப்பது இலக்காக வைக்கப்பட்டது. 2018க்குள் 200 கிலோமீட்டர் நடைவழிகள் அமைந்தன. 400 மீட்டர் என்பது ஏறக்குறைய ஐந்து நிமிட நடை. நிலையம் அதன் வாயிலில் முடிவதில்லை, பயணி நடந்து செல்லும் தொலைவுவரை நீள்கிறது என்ற புரிதலை இவ்வெல்லை காட்டுகிறது.

முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் தம் அட்டையைக் காட்டினால் பச்சை விளக்கு கூடுதல் நொடிகள் எரியும் முறையும் அங்கு 2009இல் அறிமுகமானது. நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பவர் பன்னிரண்டு மீட்டர் சாலையைப் பத்து நொடியில் கடப்பார், நொடிக்கு 0.8 மீட்டர் நடப்பவருக்குப் பதினைந்து நொடி வேண்டும். இந்த ஐந்து நொடி யாருக்குரியது என்பதே இங்குள்ள கேள்வி.

சிங்கப்பூரைக் குறையற்ற எடுத்துக்காட்டாகக் கொள்ள வேண்டியதில்லை. நடைபாதையில் மின்ஸ்கூட்டர்களை அனுமதித்து, விபத்துகளுக்குப் பின் 2019 நவம்பரில் தடைசெய்தது அந்நாடு. நல்ல நடைவழியும் தொடர்ந்து காக்கப்பட்டால்தான் நடப்பவருடையதாக நிலைக்கும் என்பதற்கு அது சான்று.

7. மாற்றுக் கருத்துகள்

இக்கருத்துக்கு இரண்டு மறுப்புகள் எழக்கூடும். வெப்பமும் மழையும் மிகுந்த இந்நாட்டில் மக்கள் நடக்க விரும்புவதில்லை என்பது ஒன்று. அஞ்சடி தோன்றியதே வெப்பத்தையும் மழையையும் முன்னிட்டுத்தான். மேலும், கே.எல்.சி.சி.யையும் புக்கிட் பிந்தாங்கையும் இணைத்து 2012இல் திறக்கப்பட்ட ஒரு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட உயர்நடைவழியில் மக்கள் நடக்கவே செய்கின்றனர். நிழலும் தொடர்ச்சியும் உள்ள இடத்தில் நடக்கின்றனர், இல்லாத இடத்தில் வாகனத்தை நாடுகின்றனர். விளைவைக் காரணமாகக் காட்டுவது பொருந்தாது.

நடைபாதையைக் காலியாக்கினால் சிறுவணிகர் பாதிக்கப்படுவர் என்பது மற்றொன்று. இது எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. பூத்தொடுப்பவரும் பலகாரம் விற்பவரும் இல்லாத பிரிக்பீல்ட்ஸில் நடப்பதற்குக் காரணமும் குறைந்துவிடும். 1888இன் பாடம், விற்பவரை முற்றாக அகற்றுவது தீர்வாகாது என்பதே. நடப்பதற்கென ஒரு குறைந்தபட்ச அகலத்தை விட்டுக்கொடுக்க முடியாததாக வரையறுத்து, எஞ்சிய இடத்தை வணிகருக்கு ஒழுங்குபடுத்தித் தருவது நடைமுறைக்கு இயன்றது. இடம் போதாத தெருக்களில் வாகன நிறுத்தத்திற்கு ஒதுக்கிய பகுதியிலிருந்து நடைபாதையை அகலப்படுத்தலாம். நடப்பவரும் விற்பவரும் ஐந்தடிக்குள் மோதிக்கொள்வதற்கு, எஞ்சிய தெரு முழுவதையும் வாகனத்திற்குக் கொடுத்துவிட்டதே அடிப்படைக் காரணம்.

முடிவுரை

பிரிக்பீல்ட்ஸ் தெருக்களுக்கு இனி வேண்டியவை பெரிய திட்டங்கள் அல்ல. நிலையத்திலிருந்து 400 மீட்டர் எல்லைக்குள் தளமட்டம் மாறாத, இடையறாத நடைவழி. படியேறாமல் சாலையைக் கடக்கும் இடங்கள். பாதசாரிகள் மிகுந்த இடங்களில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேக வரம்பு. வழிகாட்டித் தளக்கற்களை முறையாகப் பேணும் பொறுப்பு ஆகியவை போதும். அந்த 30 கிலோமீட்டர் வரம்பு 2020இல் ஸ்டாக்ஹோமில் நடந்த உலகச் சாலைப் பாதுகாப்பு மாநாட்டின் அறிக்கையிலும் வலியுறுத்தப்பட்டதாகும்.

தமிழாசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு. ஆற்றுப்படையைக் கற்பிக்கும்போது, ஓர் இரயில் நிலையத்திலிருந்து அருகிலுள்ள கோயிலுக்கோ நூலகத்திற்கோ செல்லும் வழியை, முதன்முறை வரும் ஒரு முதியவருக்கோ பார்வையற்றவருக்கோ கூறுவதுபோல் உரைநடையில் எழுதும்படி மாணவரைப் பணிக்கலாம். எங்கே நிழல், எங்கே இருக்கை, எங்கே கால் வழுக்கும், எங்கே வழி அறுகிறது என்று எழுத முற்படும் மாணவர் பழைய இலக்கியத்தின் பயனையும் தம் ஊரின் குறையையும் ஒருங்கே உணர்வர். அவர்கள் எழுதும் கட்டுரைகளைத் தொகுத்து மாநகர மன்றத்திடம் அளித்தால், அது நம் சமூகம் வைக்கும் கோரிக்கைகளில் மிகத் தெளிவான ஒன்றாக அமையும்.